எத்தனையாம் பக்கம்?

இவ்வாண்டு மலரின் ஆசிரியர் குழுவைச் சேர்ந்த மாணவர் இருவர் சென்ற மாதம் என்னைத் தேடி வீட்டுக்கு வந்திருந்தனர். பல்கலைக்கழகப் பணியினின்றும் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகளாகிவிட்ட ஒருவனிடம் கட்டுரை கேட்டு வருவோர் பெரும்பாலும் பழைய நினைவுகளையே எதிர்பார்ப்பர். இவர்களோ வேறொன்றைக் கேட்டனர். "சேர், நீங்கள் இப்ப வாசிச்சுக்கொண்டிருக்கிற புத்தகங்களைப் பற்றி எழுதுங்கோ. நாங்கள் எதை வாசிக்கலாமெண்டும் சொல்லுங்கோ" என்றனர். எளிதான காரியமென்று எண்ணி உடன்பட்டேன். எழுத அமர்ந்தபோதே அது அத்துணை எளிதன்று என்பது புலனாயிற்று.

என் மேசைமீது இப்பொழுது மூன்று நூல்கள் கிடக்கின்றன. மூன்றினுள்ளும் பழைய பஸ் சீட்டுகள் அடையாளமாகச் செருகப்பட்டுள்ளன. மூன்றில் ஒன்றையேனும் நான் இன்னும் முடித்தேனல்லேன். வாசித்து முடித்த நூலைப்பற்றிப் பேசுவோன் தன் கருத்துக்கு முழுப் பொறுப்பாளி. வாசித்துக்கொண்டிருக்கும் நூலைப்பற்றிப் பேசுவோனோ பாதிவழியில் நின்றுகொண்டு ஊரின் அழகை விரிப்பவனைப் போன்றவன். 'வாசித்துக்கொண்டிருக்கிறேன்' என்னும் சொல்லுக்கு ஒரு வசதியுண்டு. இரண்டாம் பக்கத்தில் நிற்பவனும் அதனைச் சொல்லலாம். கடைசிப் பக்கத்துக்கு முந்திய பக்கத்தில் நிற்பவனும் சொல்லலாம். கேட்பவர் எவரும் எத்தனையாம் பக்கமென்று வினவுவதில்லை. ஆதலின் ஒவ்வொரு நூலிலும் நான் எவ்விடத்தில் நிற்கின்றேன் என்பதனையும் சேர்த்தே இங்கு கூறப்போகின்றேன். இந்நிபந்தனையை எனக்கு நானே விதித்துக்கொண்டமைக்கு ஒரு காரணமுண்டு. மூன்றாவது நூலைப்பற்றிக் கூறும்போது அது தானே வெளிப்படும்.

முதலாவது, உ. வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940ஆம் ஆண்டு முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942இல் ஐயரவர்கள் மறைந்தமையால் 122 அத்தியாயங்களுடன் நின்றுபோன நூல் இது. நூலே முற்றுப்பெறாதது, ஆகவே இதனை முடிக்கவில்லை என்று சொல்வதில் எனக்கு அதிக வெட்கமில்லை. கும்பகோணம் கல்லூரியில் அவர் ஆசிரியராக அமர்ந்த பகுதியைக் கடந்து, சிந்தாமணிப் பதிப்பு வேலைகளின் நடுவே இப்பொழுது நிற்கின்றேன்.

சேலம் இராமசுவாமி முதலியாரை ஐயரவர்கள் சந்தித்த கதையைத் தமிழ் கற்போர் யாவரும் அறிவர். 1880ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 21ஆந் தேதி நிகழ்ந்தது அச்சந்திப்பு. கும்பகோணத்துக்கு முன்சீப்பாக மாற்றலாகி வந்திருந்த முதலியார், இளைஞராகிய தமிழாசிரியரை நோக்கி என்னென்ன நூல்களைப் படித்திருக்கின்றீர் என்று வினவுகின்றார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம்பிள்ளையிடம் பாடங்கேட்டவரல்லவா? அந்தாதி, கலம்பகம், கோவை, உலா, பிள்ளைத்தமிழ் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகின்றது. கேட்பவர் முகத்தில் வியப்பின் சாயல்கூட இல்லை. இவற்றாலெல்லாம் என்ன பயன் என்னும் பாவனையில் அமர்ந்திருந்துவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்கின்றார். ஐயரவர்கள் அவற்றைக் கண்ணாலும் கண்டவரல்லர். அந்த ஒரு வினாவிலிருந்து 1887ஆம் ஆண்டின் சீவகசிந்தாமணிப் பதிப்பும், அதன்பின் வந்த பதிப்புகள் பலவும் தோன்றின. நம் நாட்டவராகிய சி. வை. தாமோதரம்பிள்ளையவர்கள் 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றி, அதே துறையில் உழைத்துக்கொண்டிருந்த காலமும் அதுவே.

மாணவனாயிருந்தபோது இப்பகுதியை வாசித்த எனக்கு முதலியாரின் அலட்சியமே மனத்திற் பதிந்திருந்தது. பிறரைத் தலைகுனியச் செய்யும் ஒரு வினாவைக் கேட்டுவிடுவதே அறிவாளியின் இலக்கணமென்று அக்காலத்தில் எண்ணியிருந்தேன். இம்முறை வாசிக்கும்போது வேறொன்று கண்ணிற் படுகின்றது. முதலியார் சிந்தாமணியைக் கற்றுத்தேர்ந்து அதன் செருக்கிலே பேசியவரல்லர். அதனைக் கற்க விரும்பியவர், கற்பிப்போரைத் தேடியலைந்தவர். தம்மிடமிருந்த பிரதியை இளம் ஆசிரியரின் கையிற் கொடுத்ததோடு விலகிவிடாமல், அவரிடமே பாடங்கேட்கவும் அமர்ந்தார். தாம் அறியாத நூலை, அறியேன் என்பதை மறையாமல், சேர்ந்து படிப்போம் வாரும் என்று அழைத்த பரிந்துரை அது.

மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். இந்நூலின் பருமனைக் கண்டு அஞ்ச வேண்டாம்; முதலாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கவும் வேண்டாம். முதலியாரைச் சந்திக்கும் இடத்திற் புகுந்து முன்னோக்கிச் சென்று, பின்னர் ஆர்வம் பிறந்தால் இளமைப் பருவத்துக்குத் திரும்புங்கள். செய்யுள் இயற்றுவதிலும் மடத்து வித்துவான்களின் வாதங்களிலும் நீளும் பக்கங்கள் சில உங்களுக்குச் சலிப்பைத் தரக்கூடும். எனக்குந் தந்தன.

இரண்டாவது, லெனாட் வுல்ஃப் ஆங்கிலத்தில் எழுதி 1913இல் வெளிவந்த நாவல். சிங்கள வாசகர் அதனைப் 'பெத்தேகம' என்னும் பெயரால் நன்கறிவர். வுல்ஃப் 1904ஆம் ஆண்டின் இறுதியில் சிவில் சேவை உத்தியோகத்தராக இந்நாட்டில் வந்திறங்கியபோது, ஒரு நாயையும் வோல்தேயரின் நூற்றொகுதிகள் தொண்ணூற்றையும் உடன் கொண்டுவந்தார். தொண்ணூறு தொகுதிகளும் அவருடன் யாழ்ப்பாணம் போயின. அங்கிருந்து கண்டிக்கும், பின்னர் 1908இல் அம்பாந்தோட்டைக்கும் மாற்றலானார். இந்தச் செய்தியை நினைக்குந்தோறும் எனக்குச் சிரிப்பு வரும். புத்தகம் சுமந்து விடுதிக்கு வரும் முதலாம் ஆண்டு மாணவனின் மனநிலையே அது. ஆயின் அவர் எழுதிய நாவலில் வோல்தேயரின் சாயலைக் காண்பதரிது; அம்பாந்தோட்டைக் காடும் அக்காட்டு மக்களுமே அங்குளர்.

சிலிந்து என்னும் வேட்டைக்காரனும் அவனுடைய பெண்மக்கள் இருவரும் கடனுக்கும் சேனைப் பயிர்ச்செய்கை அனுமதிக்கும் கிராமத் தலைவனின் காலடியில் எவ்வாறு சிக்குகின்றனர் என்பதனைச் சொல்லும் பகுதியில் நிற்கின்றேன், ஏறக்குறையச் சரிபாதி. ஆட்சி செய்ய வந்தவர் ஆளப்படுவோரின் பக்கத்தில் நின்று எழுதியது என்று இதனைப் பாராட்டுவோர் பலர். அப்பாராட்டு தகும். எனினும் அக்கிராமத்து மனிதரை அடிக்கடி காட்டு விலங்குகளோடு ஒப்பிட்டுப் பேசும் அவருடைய வழக்கம் என் மனத்தை உறுத்துகின்றது. அவ்வுறுத்தல் இறுதிவரை நிலைக்குமோ என்று இப்பொழுது சொல்வதற்கில்லை. கதையின் முடிவு எனக்குத் தெரியும். லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸின் திரைப்படத்தைப் பார்த்திருக்கின்றேன். கிராமத்தைக் காடு விழுங்கிவிடுகின்றது. முடிவு தெரிவதும் நூலை முடிப்பதும் ஒன்றல்லவே. (மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'கம்பெரலிய'வை எம். எம். உவைஸ் அவர்கள் 'கிராமப் பிறழ்வு' எனத் தமிழாக்கியுள்ளார். பெத்தேகமவை வாசிப்போர் அதனையும் அருகில் வைத்து வாசித்தல் நன்று. அதனை நான் முடித்துவிட்டேன். ஆகவே அது இக்கட்டுரைக்கு உரியதன்று.)

காட்டகத்துக் கிராமத்தைப்பற்றிய இந்நாவலை நான் கையிலெடுத்தமைக்குக் காரணமாயிருந்தது மூன்றாவது நூல். அது அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'. வீரகேசரிப் பிரசுரமாக 1973இல் வெளிவந்த நாவல்.

இன்றைய மாணவர்க்கு அக்காலச் சூழலைச் சிறிது கூறவேண்டும். எழுபதுகளின் தொடக்கத்தில் தென்னிந்தியச் சஞ்சிகைகளினதும் நூல்களினதும் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. அதுவரை கடைகளில் நிறைந்து கிடந்த வார இதழ்கள் அரிதாயின. அவ்வெற்றிடத்திலே ஈழத்து எழுத்தாளரின் நாவல்கள் மாணவரும் வாங்கத்தக்க விலையில் வரத்தொடங்கின. செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', பாலமனோகரனின் 'நிலக்கிளி', அதன்பின் அவருடைய 'குமாரபுரம்' என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மாணவரும் வாங்கத்தக்க விலை என்றேன். மாணவர் வாங்கினர் என்று சொல்லவில்லை. பேராதனை அப்பொழுது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் ஒரு வளாகம். எங்கள் விடுதியில் நாங்கள் வாழ்ந்த பகுதிக்கு 'நிலக்கிளி' ஒரேயொரு பிரதியே வந்தது. வாங்கியவர் ஒருவர், வாசிக்கக் காத்திருந்தோர் பதினொருவர். ஆளுக்கோர் இரவென்று முறை வகுத்திருந்தோம்.

1974ஆம் ஆண்டில் ஓரிரவு என் முறை வந்தது. மறுநாட்காலை ஒப்படைக்கவேண்டிய பயிற்சிக் கட்டுரையொன்றும் அன்றிரவே முடிக்கவேண்டியிருந்தது. அதனை எழுதி முடித்து நாவலைத் திறந்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. முதற் சில அத்தியாயங்களை வாசித்தேன். தண்ணிமுறிப்புக் குளமும் அதனைச் சூழ்ந்த காடும் வேட்டையும் கண்முன் விரிந்தன. நூல் என் மார்பின்மீது கிடக்க, உறங்கிவிட்டேன். விடிந்ததும் அடுத்த முறைக்காரர் வந்து கதவைத் தட்டி, அதனை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை சங்கக் கூட்டம். அண்மைக்கால ஈழத்து நாவல்கள் என்பது பொருள். பேச ஒப்புக்கொண்ட நண்பருக்குக் காய்ச்சல். என்னைப் பேசச் சொன்னார்கள். மறுத்திருக்கலாம். ஆயின் விமர்சனத்தில் ஆர்வமுள்ளவன் என்னும் பெயர் எனக்கு ஏற்கெனவே கிடைத்திருந்தது; அப்பெயரை இழக்க மனமில்லை. கைலாசபதியவர்களின் 'தமிழ் நாவல் இலக்கியம்' என்னும் நூலை அவ்வாரந்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். நாவலைச் சமுதாய மாற்றத்தோடு பொருத்திப் பார்க்கும் அந்நூலின் நோக்கு எனக்குப் பேரொளியாகத் தோன்றியிருந்தது. மேடையேறி, 'நிலக்கிளி' இயற்கை வருணனையில் மயங்கிக் கிடக்கும் நூல். சொத்துறவுகளைப்பற்றியோ உழைப்பைப்பற்றியோ அதற்குக் கவலையில்லை. காட்டை அழகு பார்க்கும் கண் மனிதரைக் காணத் தவறிவிட்டது என்று அடித்துச் சொன்னேன். கைதட்டல் எழுந்தது. கைலாசபதியவர்கள்மீது இதில் ஒரு குற்றமுமில்லை. நாவல்களை முழுமையாக வாசித்து எழுதியவர் அவர். அவருடைய நூலையும் நான் அப்பொழுது பாதிதான் வாசித்திருந்தேன்.

கூட்டம் கலைந்தபின் வாயிலருகே முதலாம் ஆண்டு மாணவியொருவர் நின்றிருந்தார். முல்லைத்தீவுப் பக்கத்தவர் என்று மட்டும் அறிந்திருந்தேன். கூட்டங்களில் வாய்திறவாதவர். அருகில் வந்து, தாழ்ந்த குரலில், "முழுக்க வாசிச்சனீங்களோ, அண்ணை?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன்.

தலையை அசைத்துவிட்டுப் போனார்.

இரு கிழமைகளின் பின், அவ்வாண்டு மலரின் ஆசிரியராயிருந்த நண்பர் வேறேதோ பேச்சுக்கிடையில் ஒரு செய்தி சொன்னார். அம்மாணவி மலருக்கென 'நிலக்கிளி'யைப்பற்றிக் கட்டுரையொன்று கொடுத்திருந்தாராம். கூட்டத்துக்கு மறுநாள் வந்து அதனைத் திருப்பி வாங்கிக்கொண்டு போய்விட்டாராம். நண்பர் அதனை ஒருமுறை வாசித்திருந்தார். விமர்சனமென்று சொல்லத்தக்க பகுதி அதில் அதிகமில்லை என்றார். தண்ணிமுறிப்புக் குளத்தின்கீழ் அவருடைய உறவினருக்கு வயல் இருந்தது. கதையில் வரும் பாதைகள் எவை, எந்தப் பாலைமரத்தின் கீழ் யார் வண்டியை அவிழ்த்துவிடுவர், முதிரையும் வீரையும் எத்திசையில் அடர்ந்து நின்றன, அங்கு வாழ்ந்த குடும்பங்கள் எவை என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாராம். தம் ஊர் ஒரு புத்தகத்தில் வந்துவிட்டதென்னும் பெருமிதம் வரிக்கு வரி தெரிந்ததாம். அதைச் சொன்ன நண்பர் அடுத்த விடயத்துக்குச் சென்றுவிட்டார். நான் அவ்விடத்திலேயே நின்றுவிட்டேன்.

தவணை விடுமுறையில் அந்தப் பிரதியை இரந்து வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். பொல்காவலையில் யாழ்தேவி ஏறியதிலிருந்து தலைநிமிராமல் வாசித்தேன். தந்தையின் விருப்பத்துக்கு மாறாகப் பதஞ்சலியை மணந்து, தந்தையின் செல்வமெல்லாம் வேண்டாவென்று வெளியேறி, தன் கையாலேயே காடு வெட்டி வாழ்வு தொடங்குகின்றான் கதிராமன். கோணாமலையாரின் உடைமைச் செருக்கு, திக்கற்ற பெண்ணுக்குச் சமூகம் வைத்திருக்கும் இடம், வெறுங்கையோடு நிலத்தை வெல்ல முயல்வோனின் உழைப்பு ஆகிய யாவும் அங்கிருந்தன. நான் இல்லையென்று மேடையிற் சொன்னவை அனைத்தும் நான் வாசியாத பக்கங்களில் இருந்தன. மாங்குளம் கழிந்தபோது நூல் முடிந்தது. யன்னலுக்கு வெளியே அதே காடு ஓடிக்கொண்டிருந்தது.

வளாகத்துக்குத் திரும்பியதும் அம்மாணவியிடம் உண்மையைச் சொல்லவேண்டுமென்று எண்ணினேன். சொல்லவில்லை. முதலில் தக்க தருணம் வாய்க்கவில்லை என்று சமாதானம் கூறிக்கொண்டேன். பின்னர், சொல்வதற்குரிய காலம் கடந்துவிட்டதென்று கூறிக்கொண்டேன். அவர் பட்டம் பெற்று ஆசிரியையாகப் போனார். 1984ஆம் ஆண்டின் இறுதியில் தண்ணிமுறிப்பு மக்கள் தம் ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டனர் என்ற செய்தி வந்தபோது, நான் கண்ணாற் காணாத அந்தக் கட்டுரையே என் நினைவுக்கு வந்தது. பெத்தேகமவைக் காடு விழுங்கியது. தண்ணிமுறிப்பை விழுங்கியது காடன்று. அங்கு எந்த மரத்தின்கீழ் யார் வண்டி நின்றதென்று எழுதப்பட்ட தாள்கள் ஒரு பொழுது எங்கள் மலருக்கு வந்திருந்தன.

சென்ற ஆண்டு வவுனியாவில் ஒரு திருமண வீட்டில் அவரைக் கண்டேன். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். தலை முழுவதும் நரைத்திருந்தது. பந்தலின் ஓரத்தில் இரு கதிரைகளை இழுத்துப்போட்டு அமர்ந்தோம். இப்போது என்ன வாசிக்கின்றீர்கள் என்று அவர்தாம் முதலிற் கேட்டார். பழைய வளாக வழக்கம். நான் அவ்வினாவுக்கு விடை கூறாமல், 1974இல் சொல்லியிருக்கவேண்டியதைச் சொன்னேன்.

அவர் சினக்கவில்லை. வியக்கவுமில்லை. "அது அண்டைக்கே தெரியும்" என்றார். பின்பு சிறிது நேரம் மணவறையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்கட பேச்சுக்காகத் திருப்பி வாங்கேல்லை, அண்ணை. இன்னொருக்கா வாசிக்கேக்கை எனக்கே அது பிடிக்கேல்லை. வெறும் பேர்கள். ஊர்ப் பேர், மரத்தின்ரை பேர், ஆக்களின்ரை பேர். வேறையொண்டும் அதிலை இல்லை" என்றார்.

அது உண்மையோ, என்பாற் கொண்ட இரக்கமோ, இன்றுவரை என்னால் உறுதிசெய்ய இயலவில்லை. நான் பேச வாயெடுக்குமுன் அவரே தொடர்ந்தார். "இப்ப அந்தப் பேர்கள்தான் வேணும். பாதி மறந்துபோச்சு." தாள்கள் எண்பத்துநான்கிலேயே போய்விட்டனவாம். வேறொரு பிரதியாகத் தேடி வாங்கி வைத்திருந்த நாவலும் 2009இல் மற்றெல்லாவற்றோடும் போய்விட்டதாம்.

நூலகம் நிறுவனத்தின் எண்மிய நூலகத்தில் ஈழத்து நூல்கள் பல்லாயிரம் இன்று எவரும் வாசிக்கத்தக்க முறையில் கிடைக்கின்றன. 2005ஆம் ஆண்டு முதல் நடைபெற்றுவரும் அப்பணிக்கு நம் தலைமுறை எவ்வளவு கடன்பட்டுள்ளது என்பதை மாணவர் உணரவேண்டும். அதனை அவரிடமும் கூறினேன். கைத்தொலைபேசித் திரையில் வாசிக்கத் தமக்குக் கண் போதாதென்றார். எனவே பழைய நூல்களைச் சேர்க்கும் நண்பர்களிடம் விசாரித்து இரு பிரதிகள் பெற்றேன். ஒன்றை அவருக்கு அஞ்சலில் அனுப்பினேன். மற்றையதுதான் என் மேசையில் இருக்கின்றது.

இது எனக்கு மூன்றாம் வாசிப்பு. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் நிற்கின்றேன். பாத்திரங்களின் மனவோட்டத்தை வாசகனே உணர்ந்துகொள்ள விடாமல் ஆசிரியர் தாமே விளக்கிவிடும் இடங்கள் சில உண்டு. அவ்விடங்களில் நடை தளர்கின்றது. பதஞ்சலியின் வெகுளித்தனத்தை மிகையென்று கருதுவோரும் இருப்பர். எனினும் காட்டிலே மனிதன் எவ்வாறு உண்டான், உறங்கினான், அஞ்சினான் என்பதை இவ்வளவு நெருங்கி நின்று காட்டிய ஈழத்து நாவல்கள் சிலவே. இதனை மாணவர் வாசிக்கவேண்டுமென்று தயங்காமற் கூறுவேன். வன்னிப் பகுதியிலிருந்து வந்தோர் உங்களிடையே இருப்பின் அவர்களோடு அமர்ந்து வாசியுங்கள். மரங்களின் பெயர் வருமிடத்தில் நிறுத்திக் கேளுங்கள்.

அனுப்பிய பொதி கிடைத்ததென்று அவர் தொலைபேசியிற் சொன்னார். சில நாள் கழித்து நானே அழைத்து, எத்தனையாம் பக்கம் என்று கேட்டேன்.

"இருபத்தெட்டு" என்றார். "ஒவ்வொரு பக்கத்திலையும் நிண்டு நிண்டு போறன். கொப்பி ஒண்டும் பக்கத்திலை வைச்சிருக்கிறன். இப்ப ஒண்டும் கேக்காதேங்கோ. முடிச்சுப்போட்டுச் சொல்லுறன்."

அதன்பின் இரண்டு மாதங்களாகின்றன. அவர் இன்னும் அழைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.